எடை குறைப்பு அறுவைச் சிகிச்சை: முன் நிபந்தனைகளின் வரலாறு

ஆவடியிலும் அம்பத்தூரிலும் மின்சார ரயில் ஏறுபவர் சென்னை சென்ட்ரலில் இறங்கிச் சாலையைக் கடந்தால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. பூவிருந்தவல்லியிலிருந்து வரும் பழைய பூந்தமல்லி நெடுஞ்சாலையும், அதாவது இன்றைய ஈ.வெ.ரா. பெரியார் சாலையும், அதே மருத்துவமனையின் வாசலைத் தொட்டே செல்கிறது. 1664இல் கோட்டைக்குள் தொடங்கி 1772இல் இந்த இடத்துக்கு வந்த மருத்துவமனை அது. சென்னையின் மேற்குப் புறநகர் மக்கள் காலராவுக்கும் காசநோய்க்கும் பல தலைமுறைகளாக இந்தப் பாதையில்தான் போனார்கள். இன்று அதே பாதையிலும், போரூர், தண்டலம் பக்கத்துத் தனியார் மருத்துவக் கல்லூரிகளை நோக்கியும் செல்பவர்களில் உடல் எடையைக் குறைக்க அறுவைச் சிகிச்சை கேட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

அவர்கள் கையில் ஒரு கோப்பு இருக்கும். இரத்தப் பரிசோதனைகள், வயிற்று ஸ்கேன், எண்டோஸ்கோபி, தூக்கப் பரிசோதனை, உணவியல் நிபுணர் குறிப்பு, மனநல மருத்துவர் சான்று, காப்பீட்டு நிறுவனத்தின் முன்அனுமதிப் படிவம் எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். அறுவை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கோப்பு நிறையப் பல வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள் ஆகும். இந்தத் தாள்களில் பெரும்பாலானவை முன்பு நேர்ந்த ஏதோ ஒரு தவற்றிலிருந்து பிறந்தவை. சில மட்டும் வேறு நாட்டு உடல்களுக்காக எழுதப்பட்டு, மாற்றப்படாமல் இங்கே வந்து சேர்ந்தவை. இவற்றைப் பிரித்தறிய அறுவையின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

குடலைச் சுருக்கிய காலம்

1954இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கிரெமென், லின்னர் முதலியோர் சிறுகுடலின் பெரும்பகுதியைத் தவிர்த்து, அதன் தொடக்கத்தையும் இறுதியையும் இணைக்கும் முறையை வெளியிட்டனர். உணவு குடலில் தங்காவிட்டால் உடலில் சேராது என்பது அவர்கள் கணக்கு. லாஸ் ஏஞ்சல்ஸில் பெய்ன், டிவிண்ட் ஆகியோர் அதைப் பரவலாகச் செய்தனர். 'உயிருக்கு ஊறு செய்யும் பருமன்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் இன்றும் வழங்கும் தொடரை பெய்ன்தான் உருவாக்கினார் என்றும், சிகிச்சைச் செலவைக் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்க வேண்டும் என்பதே அதன் நோக்கம் என்றும் சொல்லப்படுகிறது. அது உண்மையானால், இந்த அறுவையும் காப்பீட்டுத் தாளும் ஏறக்குறைய ஒரே வயதுடையவை.

எடை குறைந்தது. ஆனால் ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கற்கள், வைட்டமின் குறைபாடு ஆகியவை வந்தன. சிலருக்குக் கல்லீரல் செயலிழந்தது, உயிரிழப்புகளும் நேர்ந்தன. முன்பு செய்த இணைப்பைப் பிரித்து, குடலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மறுபடியும் அறுவை செய்ய வேண்டியவர்கள் பலர். 1980களுக்குள் அந்த முறை கைவிடப்பட்டது. இன்று அறுவைக்கு முன் இரும்புச்சத்து, பி12, டி வைட்டமின், கால்சியம், கல்லீரல் செயல்பாடு எல்லாம் அளக்கப்படுவதும், பின்னர் ஆயுள் முழுவதும் வைட்டமின் மாத்திரை தேவை என்று முன்கூட்டியே சொல்லப்படுவதும் அந்த முப்பது ஆண்டுகள் கற்பித்த பாடம்.

இரைப்பைக்கு வந்த கத்தி

அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன் வேறொன்றைக் கவனித்தார். குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை நீக்கிய பெண்கள் மீண்டும் எடை கூடாமலேயே இருந்தனர். 1966இல் அவரும் சிகாஷி இட்டோவும் இரைப்பையின் மேற்பகுதியை மட்டும் சிறு பையாகப் பிரித்து, அதைச் சிறுகுடலுடன் இணைத்தனர். இன்றைய 'பைபாஸ்' அறுவையின் மூலம் இதுதான். சான் டியேகோவின் விட்குரோவ், கிளார்க் இருவரும் 1990களின் தொடக்கத்தில் அதையே நுண்துளை வழியாகச் செய்து காட்டினர். வயிற்றை முழுதாகத் திறக்கும் அவசியம் நீங்கியதும் அறுவைகளின் எண்ணிக்கை உயர்ந்தது.

இந்தியாவில் இன்று மிகுதியாகச் செய்யப்படும் 'ஸ்லீவ்' முறை ஏறக்குறைய தற்செயலாகப் பிறந்தது. மிக அதிக எடை உள்ளவர்களுக்கு நீண்ட, சிக்கலான அறுவையை ஒரே நாளில் செய்வது ஆபத்தாக இருந்தது. எனவே 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் மைக்கேல் கான்யேவும் அவர் குழுவினரும் அதை இரண்டாகப் பிரித்தனர். முதற்கட்டத்தில் இரைப்பையை நீளவாக்கில் வெட்டிக் குழாய்போல ஆக்குவது, எடை குறைந்தபின் குடல் பகுதியைச் செய்வது என்பது திட்டம். முதற்கட்டத்திலேயே போதுமான எடை குறைந்ததால் பலருக்கு இரண்டாம் கட்டம் தேவைப்படவில்லை. முன்தயாரிப்பாக நினைத்ததே சிகிச்சையாகிவிட்டது.

1987இல் சுவீடனில் தொடங்கிய நீண்ட ஆய்வு, இந்த அறுவை செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைவதை 2007இல் காட்டியது. இந்தியாவில் பொதுமக்களின் பேச்சுக்கு இது வந்ததில் அரசியல் தலைவர்களுக்கும் பங்கு உண்டு. 2014 செப்டம்பரில் அன்றைய மத்திய நிதியமைச்சர் அருண் ஜேட்லி டெல்லியில் அறுவை செய்துகொண்டபோது, அழகுக்காகச் செய்வது என்று எண்ணியிருந்தவர்கள் அதைச் சர்க்கரை நோயோடு சேர்த்துப் பேசத் தொடங்கினர். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளைத் தவிர, சென்னையின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்த அறுவைகள் நடந்துள்ளன.

நாற்பது என்ற எண்

யாருக்குச் செய்யலாம்? 1991 மார்ச்சில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு இதற்கு ஒரு விடை தந்தது. பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறை எண் 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். எடையோடு தொடர்புடைய கடும் நோய் இருந்தால் 35 போதும். மருத்துவம், அறுவை, மனநலம், உணவியல் ஆகிய துறையினர் கூடி நோயாளியை மதிப்பிட வேண்டும் என்றும், வாழ்நாள் முழுவதும் கண்காணிப்பு வேண்டும் என்றும் அது கூறியது. இன்று ஒரு நோயாளி நான்கு அறைகளுக்கு அலைவதன் தொடக்கம் இந்த மாநாடு.

பி.எம்.ஐ. கணக்கு எளிது. கிலோகிராமில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். பெல்ஜிய அறிஞர் அடோல்ஃப் கெட்லே 1830களில் மக்கள்தொகையின் சராசரியை அறிய உருவாக்கிய கணக்கு இது. 1972இல் ஆன்செல் கீஸ் ஐந்து நாட்டு ஆண்களின் அளவுகளை ஆராய்ந்து அதற்கு இன்றைய பெயரைத் தந்தார். அந்த ஐந்தில் இந்தியா இல்லை.

இது ஏன் முக்கியம் என்பதை 2004இல் 'லான்செட்' இதழில் வந்த ஒரு பக்கக் கட்டுரை விளக்கியது. லண்டனின் ஜான் யுட்கின், புனேயின் சி.எஸ். யாஜ்னிக் இருவரும் அதை எழுதினர். இருவரின் பி.எம்.ஐ.யும் 22.3தான். யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடலில் 21.2 விழுக்காடு. ஒல்லியாகத் தோன்றும் இந்தியரின் உடலில், குறிப்பாக வயிற்றுப் பகுதியில், கொழுப்பு ஒளிந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் வேண்டியதில்லை. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசியர்களுக்கு 23, 27.5 ஆகிய எண்களிலேயே நடவடிக்கை தொடங்கலாம் என்றது.

2009இல் இந்திய மருத்துவர்கள் ஒருமித்து வெளியிட்ட நெறிமுறை இதை அறுவைக்கும் நீட்டித்தது. 40 என்பது 37.5 ஆயிற்று, 35 என்பது 32.5 ஆயிற்று. 2022இல் அமெரிக்க, சர்வதேச அறுவைச் சங்கங்கள் இரண்டும் சேர்ந்து 1991ஆம் ஆண்டு வரம்பையே மாற்றின. 35க்கு மேல் நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அறுவையைப் பரிந்துரைக்கலாம், 30 முதல் 35 வரை வளர்சிதை மாற்ற நோய் உள்ளவர்களுக்குக் கருதலாம், ஆசியர்களுக்கு 27.5 முதலே அறுவை வழங்கலாம் என்பது அவற்றின் புதிய நிலை.

காப்பீட்டுத் தாளில் நிற்கும் பழைய எண்

மருத்துவ நெறி நகர்ந்தது, பணம் தரும் நெறி நகரவில்லை. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2019 செப்டம்பரில், மருத்துவக் காப்பீட்டில் எவற்றை விலக்கலாம் என்பதை ஒரே வடிவில் வகுத்தது. அதன்படி எடை குறைப்பு அறுவைக்குப் பணம் கிடைக்கப் பின்வரும் எல்லாம் பொருந்த வேண்டும். மருத்துவரின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும், மருத்துவ நெறிமுறைகளின் ஆதரவு இருக்க வேண்டும், வயது 18 நிறைந்திருக்க வேண்டும், பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35க்கு மேல் மட்டுமே உள்ளவர் என்றால், பருமனால் வந்த இதயத் தசை நோய், இதய இரத்தக்குழாய் நோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை, கட்டுக்குள் வராத இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். அறுவையல்லாத எளிய முறைகளை முயன்று தோற்றிருக்கவும் வேண்டும்.

இந்த வேறுபாடு கிலோவில் எவ்வளவு? 165 செ.மீ. உயரமுள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். அவருக்குச் சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லை என்றால், 2009ஆம் ஆண்டு இந்திய நெறிமுறைப்படி சுமார் 88.5 கிலோவில் அறுவைக்குத் தகுதி பெறுகிறார். காப்பீட்டுக்கு 95.3 கிலோ வேண்டும். வேறு நோய் இல்லாதவருக்கு அந்த எண்கள் 102, 109. இடையில் உள்ள ஏழு கிலோவில் நிற்பவருக்கு அறுவை நிபுணர் 'செய்யலாம்' என்கிறார், காப்பீட்டு நிறுவனம் 'இல்லை' என்கிறது. முரண் இன்னொன்றும் உண்டு. கல்லீரல் வீக்கம், மூட்டுவலி, உயர் இரத்த அழுத்தம் ஆகியவை மருத்துவர் கணக்கில் வலுவான காரணங்கள். காப்பீட்டுப் பட்டியலின் நான்கில் அவை எதுவும் இல்லை.

மேற்குப் புறநகரில் இதன் பொருள் என்ன என்பதை அங்குள்ள வேலைகள் தீர்மானிக்கின்றன. அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டது. ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது, 1965இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றியது. நாட்டுக்கே சைக்கிள் செய்துகொடுத்த ஊரில் இன்று சைக்கிளில் வேலைக்குப் போகிறவரைத் தேட வேண்டியிருக்கிறது. ஊர் மட்டும் மாறவில்லை. 2015–16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 விழுக்காட்டினர் பி.எம்.ஐ. 25க்கு மேல் இருந்தனர். அடுத்த கணக்கெடுப்பில் அது 40.4 ஆயிற்று. ஆண்களிடம் 28.2 என்பது 37.0 ஆயிற்று.

இங்கே ஒரே தெருவில் மூன்று வகைக் காப்பீட்டாளர்கள் இருப்பார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ள தொழிலாளி ஈ.எஸ்.ஐ.யில் இருக்கிறார். அவர் தம் பகுதி ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் தொடங்கி, அயனாவரம் அல்லது கே.கே. நகர் மருத்துவமனைக்குப் பரிந்துரை பெற்று நகர வேண்டும். அவருக்கு ஒரு நன்மை, நோய்க்கால விடுப்பில் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கும் ஏற்பாடு. அறுவைக்குப்பின் சில வாரங்கள் பளு தூக்கக் கூடாது என்பதால் பட்டறைத் தொழிலாளிக்கு இது சிறிய செய்தியல்ல. தொழிற்பேட்டைக்குள் வந்துவிட்ட மென்பொருள் நிறுவனங்களின் ஊழியர், நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் இருக்கிறார். பல குழுக் காப்பீடுகளில் காத்திருப்புக் காலம் இல்லை, ஆனால் வேலையை விட்டால் காப்பீடும் போய்விடும். கடை வைத்திருப்பவரோ தனியார் பாலிசி எடுக்கிறார். அவருக்கு முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்பு 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 36 மாதம், அதற்கு முன் 48 மாதம். பருமன், சர்க்கரை நோய் இரண்டையும் விண்ணப்பத்தில் மறைத்தவர்கள் பணம் கோரும் நாளில் சிக்கிக்கொள்கிறார்கள். முதலமைச்சரின் விரிவான காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், தமக்குரிய அறுவை சிகிச்சைப் பட்டியலில் உள்ளதா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேட்டுக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும்.

'எளிய முறைகள் தோற்றன' என்பதைத் தாளில் காட்ட வேண்டும் என்பது பலர் எதிர்பாராத நிபந்தனை. நடைப்பயிற்சிக்கு யாரும் ரசீது வைத்திருப்பதில்லை. உணவியல் நிபுணரின் பழைய சீட்டுகள், ஆண்டுக்கணக்கான எச்.பி.ஏ.1சி முடிவுகள், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை பெற்ற பதிவுகள் போன்றவையே உதவுகின்றன. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் ஆறு மாதக் கட்டாய உணவுக் கட்டுப்பாட்டைக் கேட்டபோது, அதனால் பயன் உண்டு என்பதற்குச் சான்றில்லை, சிகிச்சை தாமதமாவதே மிச்சம் என்று அங்குள்ள அறுவைச் சங்கம் 2016இல் எதிர்த்தது.

சோதனைகள் எதற்காக

அறுவைக்கு முந்தைய இரண்டு வாரங்கள் குறைந்த மாவுச்சத்து, நிறைந்த புரதம் கொண்ட மிகக் குறைந்த உணவு தரப்படுகிறது. இதைச் சோதனைபோல எண்ணுபவர்கள் உண்டு, 'இரண்டு வாரத்தில் குறைவதற்காகவா இவ்வளவு பாடு' என்று கேட்பவர்களும் உண்டு. உண்மையான காரணம் வேறு. கல்லீரலின் இடப்பகுதி இரைப்பையின் மேல் படிந்திருக்கிறது. கொழுப்பேறி வீங்கிய கல்லீரல் நுண்துளைக் கருவியின் பார்வையை மறைக்கும், தூக்கினால் கிழியும். உணவைக் குறைத்தால் அது சுருங்குகிறது, பெரும்பகுதிச் சுருக்கம் முதல் இரண்டு வாரங்களிலேயே நிகழ்கிறது. சோற்றையும் இட்லியையும் விட்டுப் பருப்பு நீர், மோர், முட்டை வெள்ளைக்கரு, புரத மாவு என்று நாளை ஓட்டுவது இரவுப் பணியில் இருப்பவருக்குக் கடினம். 'கடைசியாக ஒரு முறை' என்று முந்தின நாள் விருந்து சாப்பிடுவது இந்த இரண்டு வாரத்தையும் வீணாக்கும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இந்த உணவின்போது அளவை மருத்துவர் சொற்படி குறைக்காவிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயங்க நேரும்.

எண்டோஸ்கோபியில் இரைப்பைப் புண், ஹெலிகோபாக்டர் கிருமி, மேலேறும் அமிலத்தின் அளவு ஆகியவை பார்க்கப்படும். பைபாஸுக்குப்பின் ஒதுக்கப்பட்ட இரைப்பைக்குள் சாதாரணக் குழாய் போக முடியாது, எனவே பார்க்க வேண்டியதை முன்பே பார்த்தாக வேண்டும். ஏற்கெனவே நெஞ்செரிச்சல் கடுமையாக இருப்பவருக்கு ஸ்லீவ் அதைக் கூட்டலாம் என்பதால், எந்த அறுவை என்ற முடிவே இந்தச் சோதனையால் மாறக்கூடும். ஸ்கேன் பித்தப்பைக் கற்களைத் தேடுகிறது. எடை வேகமாகக் குறையும்போது அவை புதிதாக உருவாவதும் உண்டு.

தூக்கப் பரிசோதனையைத்தான் பலர் தேவையற்ற செலவு என்று எண்ணுகிறார்கள். குறட்டை வீட்டில் கேலிக்குரிய செய்தியாக இருப்பதே இதற்குக் காரணமாக இருக்கலாம். 2009இல் அமெரிக்காவின் பத்து மருத்துவமனைகளில் 4,776 பேரைப் பின்தொடர்ந்து வெளியான ஆய்வில், முப்பது நாள் இறப்பு 0.3 விழுக்காடாக இருந்தது. பித்தப்பை அறுவை போன்றவற்றோடு ஒப்பிடத்தக்க சிறிய எண் அது. ஆனால் முன்பு கால் நரம்பிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்தவர்கள், தூக்க மூச்சுத்தடை உள்ளவர்கள், சற்றுத் தூரம்கூட நடக்க இயலாதவர்கள் ஆகியோருக்குச் சிக்கல் கூடுதலாக இருந்தது. மூச்சுத்தடை முன்பே தெரிந்தால் சில வாரங்கள் இரவில் காற்றழுத்தக் கருவி அணிவிக்கலாம், மயக்க மருந்து நிபுணரும் அதற்கேற்பத் தயாராக வரலாம்.

மனநல மதிப்பீடும் யாரையும் தடுப்பதற்காக வைத்ததன்று. கட்டுப்பாடின்றி உண்ணும் நோய், மனச்சோர்வு, குடிப்பழக்கம் ஆகியவை மறைந்திருந்தால் முதலில் அவற்றுக்குச் சிகிச்சை தேவை. பைபாஸ் செய்தவர் உடலில் மது வேகமாக ஏறும், சிலருக்கு இரண்டாம் ஆண்டில் குடிப்பழக்கம் தீவிரமாவதும் பதிவாகியுள்ளது. புகைப்பவர் வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும், இல்லையேல் தையல் ஆறாது, இணைப்பில் புண் வரும். குழந்தை வேண்டும் என்றிருக்கும் பெண்கள் அறுவைக்குப்பின் ஓர் ஆண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டும். மாமியார், கணவர் உட்பட வீட்டார் இதை அறிந்திருப்பது நல்லது.

2024 ஏப்ரலில் சென்னையின் தென்புறநகர்த் தனியார் மருத்துவமனை ஒன்றில் எடை குறைப்பு அறுவைக்குச் சேர்ந்த இளைஞர் ஒருவரின் நிலை அறுவை அரங்கிலேயே மோசமாகி, வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டும் அவர் இறந்தார். மாநில நலவாழ்வுத் துறை விசாரணைக் குழு அமைத்தது. மருத்துவமனையின் பதிவும் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. தனியார் மருத்துவமனைகள் பதிவு பெற வேண்டும் என்னும் தமிழ்நாட்டுச் சட்டம் 1997இலேயே வந்தது, அதற்கான விதிகள் 2018இல்தான் வந்தன. அதுவரை நிபந்தனை என்றால் நோயாளி நிறைவேற்ற வேண்டியது என்றே பேசப்பட்டுவந்தது. அந்த இறப்புக்குப்பின் மருத்துவமனையிடம் நோயாளி கேட்க வேண்டியவையும் பேசப்பட்டன. தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் உள்ளதா, இரவில் மயக்க மருந்து நிபுணர் இருப்பாரா, அறுவை மேசையும் ஸ்கேன் கருவியும் எத்தனை கிலோ தாங்கும், இத்தகைய அறுவை ஆண்டுக்கு எத்தனை நடக்கிறது, குறைந்த 'பேக்கேஜ்' விலையில் எது விடுபட்டிருக்கிறது என்பவை அந்தக் கேள்விகள்.

2025 மார்ச்சில் மவுஞ்சாரோவும் ஜூனில் வெகோவியும் இந்தியச் சந்தைக்கு வந்தபின் கோப்பில் புதிய வரி ஒன்று சேர்ந்திருக்கிறது. இந்த வார ஊசிகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. இரவு முழுவதும் பட்டினி கிடந்தவர் வயிற்றிலும் உணவு மிஞ்சியிருந்து, மயக்க நிலையில் நுரையீரலுக்குள் போகக்கூடும். எனவே ஊசி போடுகிறீர்களா, கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று மயக்க மருந்து நிபுணர் கேட்கிறார். வீட்டாருக்குத் தெரியாமல் ஊசி போட்டுக்கொண்டிருப்பவரும் இந்தக் கேள்விக்கு மட்டும் உண்மையைச் சொல்லியாக வேண்டும்.